மாட்டு உப்பு

அத்தியாயம் பதினேழு

மில் க்ரீக் ரோட்டில் யார் வீட்டு முன்னால் கால்நடை டாக்டரின் வண்டி நின்றாலும் ஒன்பது மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அன்றைக்கு அது எல்வின் ஸ்டாட்லர் வீட்டு முன்னால் ஏழு மணிக்கே வந்து நின்றது.

முந்தின நாள் அவர் மகள் நோரின் செம்மறி மந்தையைச் சோலார் பேனல்களின் கிழக்கு வரிசைகளுக்கு மாற்றிவிட்டுத் திரும்பும்போது, ஒரு பெட்டை ஆடு மட்டும் எழுந்து வராமல் பேனல் நிழலில் படுத்திருந்ததைப் பார்த்தாள் அல்லவா? வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். விடிந்து போய்ப் பார்த்தால் அது செத்துக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது. மூன்றாவதாக ஒன்று தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

எல்வினுக்கு எழுபத்தாறு வயது. ஐம்பது வருஷம் பால் கறந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பால் வண்டி இனிமேல் இந்தப் பக்கம் வராது என்று ஒரு கடிதம் வந்தது. ஒரே ஒரு கடிதம், அதுவும் கையெழுத்து அச்சடித்தது. அறுபது மாடும் லாரி ஏறிப் போயிற்று. அப்புறம்தான் நோரின் நகரத்தில் தன் கல்யாண வாழ்க்கையை முறித்துக்கொண்டு ஊர் திரும்பினாள். நிலத்தைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம், பேனலுக்கு அடியில் வளர்கிற புல்லை மெஷின் வைத்து வெட்டுவதற்குப் பதில் நம் ஆட்டை விட்டு மேய்க்கலாம், அதற்குக் கூலியும் கிடைக்கும் என்றாள்.

"பொண்ணு அடம் பிடிச்சா, கையெழுத்துப் போட்டேன்" என்று எல்வின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அன்றைக்குப் பேனாவை முதலில் எடுத்தது அவர்தான். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் லுபான்ஸ்கி ஐம்பது வயதுப் பெண்மணி. தோளளவு கையுறை போட்டுக்கொண்டு, செத்த ஆட்டைப் பேனல் நிழலிலேயே கிழித்துப் பார்த்தார். சிறுநீரகத்தை வெளியே எடுத்துக் காட்டினார். துப்பாக்கிக் குழல் நிறத்தில், நீலம் பாய்ந்து இருந்தது.

"நோரின், மூத்திரம் எந்தக் கலர்ல போச்சு, கவனிச்சியா?"

"காபி மாதிரி, டாக்டர்."

டாக்டரம்மா உயிரோடு இருந்த ஆட்டிடம் போய் அதன் கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்த்தார். மஞ்சள்.

"லேப்ல இருந்து பதில் வர மூணு நாளாகும். ஆனா இது செம்புதான். மாட்டுக்குச் செம்பு வேணும், செம்மறிக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஈரல்ல போய்ச் சேரும். ரெண்டு மாசம், மூணு மாசம், வெளியில ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஒரு நாள் வெயில் அடிக்கும், இல்ல இடம் மாத்துவோம். அவ்வளவுதான், மொத்தமும் ஒரேயடியா ரத்தத்துல இறங்கிடும்."

"நான் ஆட்டு உப்புதான் போடறேன். செம்பே இல்லாதது. அந்தச் சின்னச் சிவப்பு மூட்டை. வேணும்னா பாருங்க."

"நம்பறேன்மா. வேற எங்கயோ இருந்து வருது." டாக்டரம்மா நிமிர்ந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எல்வினைப் பார்த்தார். "பெரியவரே, நீங்க ஏதாவது போட்டீங்களா?"

"நானா?" என்றார் எல்வின். "எனக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் மாட்டுக்காரன்."

சொல்லி முடித்ததும் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

மாடுகள் போன பிறகு கொட்டகையில் மிச்சம் இருந்தது தாது உப்பு மூட்டைகள்தான். நல்ல சரக்கு, மாட்டுக்கென்றே செய்தது. ஏப்ரலில் ஒரு நாள் ஆடுகள் பேனலைத் தாங்கும் இரும்புக் கால்களை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். நோரின் வாங்கிப்போடும் அந்தச் சிவப்பு மூட்டைத் தூளில் என்ன சத்து இருந்துவிடப் போகிறது? அவளுக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு பேனல் காட்டில் நாற்பது ஆடு மேய்கிறது. பகல் இரண்டு மணிக்கு அங்கே கிளம்பிப் போய்விடுவாள். அவள் வண்டி வளைவில் மறைந்ததும் எல்வின் ஒரு வாளியில் உப்பை அள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டுவார்.

முதல் நாள் நாலு ஆடு வந்தது. ஒரு வாரத்தில் வாளிச் சத்தம் கேட்டாலே எழுபது ஆடும் வரிசை வரிசையாகப் பேனலுக்கு அடியிலிருந்து புறப்பட்டு ஓடி வந்தது. இரண்டு வருஷமாக அவரைப் பார்த்து ஓடி வர ஒரு ஜீவன் கிடையாது. தினமும் போனார்.

மூட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது. செம்மறி ஆட்டுக்குக் கொடுக்காதே என்று. எட்டாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனாலும் அந்த அளவுக்குப் படிக்கத் தெரியும். படித்தார். ஒரே உப்பை இரண்டு பையில் போட்டு இரண்டு தடவை விற்பதற்குக் கம்பெனிக்காரன் பண்ணுகிற வேலை என்று நினைத்துக்கொண்டார். தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டுகூட இருந்திருப்பார்.

டாக்டரம்மா மருந்தைக் கொடுத்து, வேளைக்கு எவ்வளவு, எப்படி ஊற்றுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மிச்சம் இருக்கற எல்லாத்துக்கும் ஊத்து. எது பிழைக்கும், எது போகும்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா எங்கிருந்து வருதுன்னு இன்னிக்கே கண்டுபிடி. அது நிக்கலைன்னா இந்த மருந்து வீண்."

"கேபிள்," என்றாள் நோரின். பேனலின் அடிவயிற்றில் கறுப்புக் குழாய்க்குள் ஓடும் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள முழுக்கச் செம்புதானே? மழைத் தண்ணி அதுல பட்டுப் புல்லுல சொட்டுது."

"எனக்கு அப்படித் தோணலை. ஆனா பார்க்காம இல்லைன்னும் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டரம்மா.

எல்வினும் தலையை உயர்த்திக் கேபிளைப் பார்த்தார்.

மெர்ரில் வந்து சேர்ந்தபோது மணி எட்டேமுக்கால். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக்காரர், எல்வினோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவர். 'பேனல் வேண்டாம், பயிர் வேண்டும்' என்று ஊர் முழுக்க முற்றத்துக்கு முற்றம் பலகை நட்டுவைத்தது அவர்தான். வண்டியை விட்டு இறங்காமலே, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு செத்த ஆடுகளைப் பார்த்தார்.

"சொன்னேனா இல்லையா? ரெண்டு வருஷமா கரடியா கத்தறேன்."

"மெர்ரில், இப்ப வேண்டாம்," என்றாள் நோரின்.

"இப்ப வேண்டாம்னா எப்ப? இன்னிக்கு ஏழு மணிக்குத் தீயணைப்புக் கூடத்துல கூட்டம் இருக்கு. ரோட்டுக்கு அந்தாண்ட இன்னும் எண்பது ஏக்கர்ல பேனல் போடலாமா வேண்டாமான்னு. போன ரெண்டு கூட்டத்துலயும் நீ என்ன பண்ணே? ஆடு நிழல்ல தூங்கற போட்டோவைப் பெருசா அடிச்சுட்டு வந்து காமிச்சே. எல்லாரும் 'அடடா, எவ்வளவு அழகா இருக்கு'ன்னாங்க. இன்னிக்கு இந்தப் போட்டோவைக் காட்டு."

நோரின் ஒரு சாக்கை எடுத்துச் செத்த ஆடுகளை மூடினாள்.

மெர்ரில் எல்வினைப் பார்த்துக் கண்ணடித்தார். "பேசறவங்க லிஸ்ட்ல உன் பேரையும் எழுதிட்டேன்டா. வந்து நாலு வார்த்தை நறுக்குன்னு சொல்லு. உன்னை மாதிரி ஆளு பேசினாதான் எடுபடும்."

கூட்டத்தில் அவள் கம்பெனியைக் குற்றம் சொன்னால் மேய்ச்சல் ஒப்பந்தம் போய்விடும். இங்கேயும் போகும், பக்கத்து ஊரிலும் போகும். அவள் பிழைப்பே அதுதான். எல்வினுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லாம் நின்றுவிடும். 'நோரின், உப்பு போட்டது நான்தான்.' அவ்வளவுதான். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போயிற்று.

பகலில் அவள் ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவர் கொட்டகைக்குள் போனார். காலி மூட்டைகளைச் சுருட்டி வைக்கோல் கட்டுக்குப் பின்னால் செருகினார். பாதி இருந்த மூட்டையைச் சாணக்குழியில் கொட்டிவிடலாம் என்று இழுத்துக்கொண்டு போனார். வயதுக்குக் கனம் தாங்கவில்லை. வழியில் கால் தடுக்கி ஒரு வாளி உருண்டது.

அந்தச் சத்தம் பட்டிவரை கேட்டுவிட்டது. ஆடுகள் எல்லாம் ஒரே குரலாகக் கத்தின. முண்டியடித்துக்கொண்டு அவர் இருக்கிற பக்கத்து வேலிக்கு வந்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

"என்னாச்சு இதுகளுக்கு?" என்று நோரின் அங்கிருந்து கேட்டது காதில் விழுந்தது.

எல்வின் குழியோரத்தில் மூட்டையின் வாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். திருட வந்தவன் நாய் குரைத்ததும் எப்படி நிற்பானோ அப்படி. ஆடுகள் அடங்கிய பிறகுதான் மூட்டையைக் குழியில் கவிழ்த்தார். சொந்தக் கொட்டகை, சொந்தச் சாணக்குழி, சொந்த மகள்.

சமையலறையில் நோரின் நின்றுகொண்டே முட்டை வைத்த ரொட்டியைத் தின்றாள். கையெல்லாம் மருந்து வாடை. மேஜையில் ஒரு காகிதம், அதில் நாலைந்து வரி எழுதி அடித்திருந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

எல்வின் தட்டைத் தள்ளி வைத்தார். தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால்கூட நல்லதுதான் என்று ஒரு கணம் தோன்றியது.

"கம்பெனிக்காரனை நம்பாதேன்னு நீங்க முதல்லயே சொன்னீங்க. நான்தான் கேக்கலை. இந்தக் கிழவருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். நெனச்சது மட்டுமில்ல, ஒரு தடவை போன்ல யார்கிட்டயோ அப்படிச் சொல்லவும் செஞ்சேன். நீங்க கேட்டீங்களோ என்னவோ." ரொட்டியைக் கீழே வைத்தாள். "மன்னிச்சிருங்கப்பா."

ஜன்னலுக்கு வெளியே பேனல்கள் எல்லாம் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. வெயிலோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறவை அவை.

"சரி, விடு," என்றார் எல்வின்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்வின் ஸ்டாட்லர் தன் மகளை மன்னித்துவிட்டார். இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை. மூட்டையை ஒளித்ததுகூட இதற்குப் பக்கத்தில் வராது.

அவர் ரொட்டி அப்படியே இருந்தது. நோரின் பார்த்துவிட்டு, "ஆட்டுக்காக நீங்க இவ்வளவு வருத்தப்படுவீங்கன்னு நான் நெனக்கலைப்பா," என்றாள்.

தீயணைப்புக் கூடத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். வெளியே இன்னும் வெயில். ஊர் மன்றத் தலைவி கார்லீன் மேஜை மேல் சமையல்கட்டுக் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். எழுந்து பேரையும் ரோட்டையும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். மணி அடித்தால் பாதி வார்த்தையாக இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். ஜனாதிபதியே வந்தாலும் கார்லீன் நாலாவது நிமிஷம் கொடுக்க மாட்டாள்.

கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். முன்வரிசையில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோரினைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். நோரின் பதிலுக்குக் கையசைக்கவில்லை.

நோரின் பேசியது இரண்டே நிமிஷம்.

"ரெண்டு தடவை இதே இடத்துல நின்னு, பேனலுக்குக் கீழ ஆடு நல்லா இருக்கும்னு சொன்னேன். இன்னிக்குக் காலைல ரெண்டு ஆடு செத்துப்போச்சு. மத்தியானம் மூணாவதும் போச்சு. செம்பு விஷம்னு டாக்டர் சொல்றாங்க. நான் போடற எதுலயும் செம்பு இல்ல. அங்க செம்பு இருக்கற ஒரே இடம் அவங்க கேபிள். இது தெரியாம உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன். வெக்கமா இருக்கு."

கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். கம்பெனிப் பெண் முகம் வெளிறிப்போய் எதையோ வேகவேகமாக எழுதினாள். மெர்ரில் பின்னாலிருந்து எல்வினின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பொண்ணுன்னா இதுடா! உன் ரத்தம்ல?"

வெட்கமாக இருக்கிறது என்று அவள் சொன்னது எல்வினின் காதுக்குள்ளேயே சுற்றியது. அது அவளுடைய வெட்கம் இல்லை. அவருடையது. அதைப் போய் அவள் எடுத்து நாற்பது பேர் முன்னால் போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது எல்வின் ஸ்டாட்லர்," என்றாள் கார்லீன்.

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டியிருக்கலாம். எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எல்வின் ஸ்டாட்லர். மில் க்ரீக் ரோடு." கடிகாரம் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது. "பேனல் ஒண்ணும் பண்ணலை. கேபிளும் பண்ணலை. ஆட்டைக் கொன்னது நான்."

"உட்காருடா, என்னடா உளர்றே?" என்றார் மெர்ரில்.

"மாட்டு உப்பு. கொட்டகைல மிச்சம் இருந்தது. ஏப்ரல்ல இருந்து தினம் போட்டேன், இவ இல்லாத நேரமா பாத்து."

கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. நோரின் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இன்னும் புரியவில்லை, அவ்வளவுதான்.

கார்லீன் நல்லவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்வின், அந்த மூட்டைல எல்லாம் எழுத்து ரொம்பப் பொடிசு. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணாடி போட்டாலே தெரியாது. உங்க வயசுல யாருக்குத்தான்..." என்றாள்.

"ஆமா," என்றாள் நோரின் அவசரமாக. "அப்பாவுக்குக் கிட்டத்துல பார்வை சரியில்ல. அவர் பாத்திருக்கவே மாட்டார்."

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்காகத்தான் பேசினாள். அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம் கிழவர் என்று காபிகூடக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்.

"பாத்தேன்," என்றார் எல்வின். "ஆட்டுக்குக் கொடுக்காதேன்னு போட்டிருந்தது. படிச்சேன். ஏமாத்தறான்னு நெனச்சேன்." நோரின் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "காலைல டாக்டரம்மா கேட்டாங்க. இல்லைன்னேன். மத்தியானம் இவ என்கிட்ட மன்னிப்பு கேட்டா. சரின்னு சொன்னேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் ஒன்றே முக்கால் நிமிஷம் பாக்கி இருந்தது. கார்லீன் அடுத்த பேரைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கும்வரை நாற்பது பேரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் நோரின் எழுந்து போய்விட்டாள். வெளியே அவள் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் வந்தது அந்த வண்டியில்தான்.

வீட்டுக்கு இரண்டு மைல். நடந்தார். கூட்டம் முடிந்து வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து வந்தன. அந்த ரோட்டில் நடந்து போகிற மனுஷனைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போகிற வழக்கமே கிடையாது. முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் கதவைத் திறந்து விடுவார்கள். அன்றைக்குப் பதினோரு வண்டி போயிற்று. ஒன்று மட்டும் வேகம் குறைந்தது. உள்ளே இருந்தது யார் என்று அவர் பார்க்கவில்லை. அது கொஞ்ச தூரம் அவரோடு ஊர்ந்துவிட்டு, அப்புறம் அதுவும் போய்விட்டது. மெர்ரிலின் வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

வீட்டு முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நோரின் வைக்கோலுக்குப் பின்னால் இருந்த மூட்டைகளை எல்லாம் இழுத்துவந்து தரையில் வரிசையாகப் போட்டிருந்தாள். கையில் மருந்து ஊற்றும் குழாய்.

"நோரின்..."

"பேசாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு போட்டீங்க?"

"கால் வாளி. சில நாள் அதுக்கும் கம்மி."

"எழுபதும் நக்குச்சா?"

"எல்லாமே வரும்."

கண்ணை மூடித் திறந்தாள். "அந்தப் பொண்ணு, கம்பெனிப் பொண்ணு, நாளைக்கு எட்டு மணிக்கு வந்து பாக்கச் சொல்லி இப்பதான் போன் பண்ணா. நாற்பது பேர் முன்னாடி அவங்களைக் கொலைகாரங்கன்னு சொன்னேன். போய் உக்காந்து என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, என்ன சொல்லட்டும்?"

எல்வின் குனிந்து, மடங்கிக் கிடந்த ஒரு மூட்டையை நேராக்கினார்.

"போகட்டும். ஆடுதான் முதல்ல. மருந்து ஊத்த ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் ஊத்தணும். நான் தனியாவே பண்ணிக்கறேன். நீங்க பட்டிக்குள்ள வரக்கூடாது. உங்களைப் பாத்தா எல்லாம் உப்புக்கு ஓடி வருது. அதைப் பாக்க என்னால ஆகாது."

"சரி."

"டாக்டர்கிட்ட போன்ல பேசினேன், இது கொஞ்சமாவது வேற எங்கயாவது கிடக்கான்னு கேட்டாங்க. எங்கயும் இருக்கக் கூடாதாம். மொத்தம் எத்தனை மூட்டை மிச்சம் இருந்தது?"

"ஏழு," என்றார் எல்வின். தீவனக் கணக்கு அவருக்கு ஒருநாளும் தப்பாது.

நோரின் கால்விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "சாணக்குழில கொட்டினதையும் சேத்து ஆறுதான் இருக்கு."

எல்வின் தானும் எண்ணினார். ஆறு. இன்னொரு தடவை எண்ண ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

ஏப்ரலில், முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு போன அதே வாரம். ரோட்டுக்கு எதிரே மெர்ரிலின் பேத்தி ஜோலின் கவுண்டியில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிக்காக நாலு செம்மறிக் குட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள். 'இதைப் போடச் சொல்லு, மாடு மாதிரி ஆயிடும்' என்று ஒரு மூட்டையைத் தூக்கி மெர்ரிலின் வண்டியில் வைத்தார். மெர்ரில் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து இத்தனை நடந்தும் அந்த நினைப்பு அவருக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஒளிப்பதற்கு இருந்த மூளை அதற்கு இல்லை.

கண்காட்சி இந்த வியாழக்கிழமை. குட்டிகளை வண்டியில் ஏற்றி, முப்பது மைல் கொண்டுபோய், வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள்.

"அப்பா? என்ன?"

"மெர்ரில் வீட்டுக்கு ஒண்ணு குடுத்தேன்."

நோரின் கையிலிருந்த குழாய் கீழே இறங்கியது. "போன் பண்ணுங்க. இப்பவே."

"நேர்ல போறேன்," என்றார்.

ரோட்டைக் குறுக்கே கடந்தார். மெர்ரிலின் முற்றத்தில் பலகைகள் நின்றிருந்தன. சமையலறையில் விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ தட்டு கழுவுகிற சத்தம். எல்வின் கதவைத் தட்டினார். சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. அவர்களுக்குத் தெரியும், தட்டுவது யார் என்று. மறுபடி தட்டினார்.

மெர்ரில்தான் திறந்தார். வலைக்கதவை மட்டும் திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"என்னடா? மூணு நிமிஷம் பத்தலியா உனக்கு?"

"மெர்ரில்..."

"அறுபது வருஷம்டா. அறுபது வருஷமா கூட இருக்கேன். என் முன்னாடி உக்காந்துக்கிட்டு, நான் தோளைத் தட்டினப்பகூட வாயைத் திறக்கலை. கைதட்டல் எல்லாம் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்து அப்புறம் எந்திரிக்கறே. ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. என் வாசல்ல என்ன வேலை உனக்கு?"

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா ஒண்ணு சொல்லு." எல்வின் வலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "ஏப்ரல்ல ஒரு மூட்டை குடுத்தேனே. ஜோலின் குட்டிகளுக்கு. அது எங்க இருக்கு?"

மெர்ரிலின் கை வலைக்கதவின் கொக்கியில் வந்து நின்றது. கூட்டத்தில் கேட்டதெல்லாம் அப்போதுதான் அவருக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

"எங்க வச்சிருக்கே, மெர்ரில்?"

"வைக்கறதா?" என்றார் மெர்ரில். "அது தீந்து மூணு வாரமாச்சுடா."